பத்துக் கிலோ

புதுவயலில், ரைஸ் மில் எடைமேடைக்குப் பின்னால்
தவிட்டு மூட்டைக்கும் மதிலுக்கும் நடுவே
எட்டடிக்கு இருபதடி என் தோட்டம்.
செம்மண். நாலு கத்தரி, ஒரு பந்தல் அவரை,
ஷெட்டின் தகரத்தில் ஏறிவிட்ட பூசணி,
யாரும் நடாமல் முளைத்த தக்காளி ஒன்று.
இரவு டூட்டியில் கண் அசராமலிருக்க
நானாகச் சேர்த்துக்கொண்ட குடித்தனம்.

மார்கழி எட்டு. காற்று நின்றது.
வானத்தை யாரோ விளக்கிக் கவிழ்த்திருந்தார்கள்.
மதிலிடுக்குச் சில்வண்டு
ஒரு தரம் கத்தி, யோசித்து,
இன்னொரு தரம் கத்தியது.
ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முப்பத்தாறு.
போன வாரம் அதே டீக்கு நூறைத் தாண்டும்.
மூன்று மணிக்குமேல்
எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.
டியூப்லைட்டுக்கு ஒரு பூச்சிகூட வரவில்லை.
பல்லி மட்டும் அங்கேயே இருந்தது,
சம்பளத் தேதி தள்ளிப்போனவன் மாதிரி.

ஐந்தரைக்கு டார்ச் எடுத்துப் போனேன்.
இத்தனை சிலந்திகளோடு குடியிருந்தேன் என்று
அப்போதுதான் தெரியும்.
கத்தரிக்கும் கத்தரிக்கும் நடுவே,
என் சைக்கிள் பெல்லுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே,
ரகசியமாய்க் கட்டியதெல்லாம்
நனைந்து, எடை தாங்காமல் தொங்கி, அம்பலமாகி.
கட்டியவை ஓரத்தில் காலை மடக்கிக் கிடந்தன.

தக்காளி இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் ஊதா,
அடிபட்ட இடம் போல.
பூசணி இலைகள் நுனி கருகித்
தகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன.
அவரைக்கு மட்டும் கொண்டாட்டம்;
நேற்றில்லாத பூ இன்று கை கொள்ளவில்லை.
பூவுக்குக் கீழே, இளங்காம்பு முழுக்க
கறுப்பாய் மொய்த்திருந்தது அசுவினி.
ஊரே போர்த்திக்கொள்ளும் குளிரில்
இவற்றுக்கு மட்டும் பிள்ளைப்பேறு.

பந்தல் கம்பில் ஒரு தட்டான்.
நேற்று மதியம் என் நிழலுக்கே பதறிப் பறந்தது.
இன்று விரலை நீட்டினேன்,
ஏறக்கூட இல்லை, நான்தான் எடுத்தேன்,
பூட்டுத் தொலைந்த சாவியை எடுப்பது போல.
இறக்கை நாலிலும் சொட்டுகள்.
கண்ணைத் துடைக்க ஒரு காலைத் தூக்கியது.
பாதியில் நிறுத்திவிட்டது.

அதற்குள் ஆரன்.
சிக்கந்தரின் நெல் லாரி. இரவு பத்தரைக்கு
மேடையில் பதினாறாயிரத்து நானூற்று எண்பது.
கேட்டைச் சாத்திச் சாவியை நான்தான் வைத்திருந்தேன்.
காலை ஆறுக்கு நானூற்றுத் தொண்ணூறு.

கணக்கர் வயிரவன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.
“பத்துக் கிலோ எங்கேருந்துய்யா வந்துச்சு?”
“ராத்திரி நான் எறங்கினது ஒண்ணுக்குப் போகத்தான்,
குறையணும்ல அண்ணே” என்றான் சிக்கந்தர்.
தார்ப்பாயைக் காட்டினேன்.
மடிப்புக்கு மடிப்பு தண்ணீர். கயிறெல்லாம் ஊறி,
கேபின் தலையில் இருந்து சொட்டு.

காரணம் என்ற கட்டத்தில் ‘பனி’ என்று எழுதினேன்.
வயிரவன் அடித்துவிட்டு ‘பிழை’ என்று எழுதினார்.

“இதெல்லாம் பனியா?” சிக்கந்தர் சிரித்தான்.
கேரட் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில்
ஊட்டியில் பார்த்திருக்கிறானாம்:
விடிந்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல்,
பத்து மணிக்கு உருளைச்செடி கறுத்துச் சாயுமாம்,
நெருப்பில்லாமலே வெந்து.
“உங்க ஊர்ப் பனிக்குக் கொல்லத் தெரியாது.”
தெரியாதுதான்.
இது நிறுத்திமட்டும் வைக்கிறது.

ஏழரை மணி வெயில் மதிலைத் தாண்டியதும்
தட்டான் நடுங்கத் தொடங்கியது.
பறக்கவில்லை, நின்ற இடத்தில் இறக்கையைமட்டும்
அடித்து அடித்துச் சூடேற்றிக்கொண்டது.
அந்தப் பக்கம் சிக்கந்தரும்
செல்ஃப் எடுக்காத வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தான்.
எது முதலில் கிளம்பியது என்று நான் பார்க்கவில்லை.

எனக்கு வேலை இருந்தது.
கொதிகலனடியில் இருந்து ஒரு முறம் உமிச்சாம்பல்
அள்ளிக்கொண்டு பந்தலுக்கு ஓடினேன்.
அசுவினிக்குத் தூவ வேண்டும்.
ஈரம் காய்ந்துவிட்டால்
ஒட்டாது.